இரும்பு போய்விட்டது, குழாய் நிற்கிறது

சென்னையில் எழுபதுகளிலோ எண்பதுகளிலோ கட்டிய அடுக்குமாடி வீட்டை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கூடத்து டைல்ஸையும் பால்கனிக் காற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் பக்கச் சந்தில் நுழைந்து கட்டடத்தின் பின்சுவருக்குப் போங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது அண்ணாந்து பாருங்கள். தரையிலிருந்து மொட்டைமாடி வரை, கறுப்பாகவோ எப்போதோ அடித்த சாம்பல் பெயின்ட்டோடோ, நாலைந்து குழாய்கள் ஏறிப் போகும். ஆறடிக்கு ஓர் இணைப்பு. சில இணைப்புகளில் சிமென்ட்டை உருண்டை உருண்டையாக அப்பியிருப்பார்கள். சிலவற்றில் எம்-சீல். சைக்கிள் ட்யூபைச் சுற்றி இறுக்கிக் கட்டியதையும் பார்க்கலாம். ஏதாவது ஓர் இணைப்பில் அரசங்கன்று ஒன்று செழிப்பாக நின்றுகொண்டிருந்தால், அது சொல்கிற அளவுக்கு உண்மையை எந்தத் தரகரும் சொல்லப் போவதில்லை.

பறவை எச்சத்தோடு வரும் அரச விதை சுவரில் எங்கு வேண்டுமானாலும் விழும். முளைத்து நிலைக்கத்தான் கோடையிலும் காயாத ஈரம் வேண்டும், கூடவே கொஞ்சம் எருவும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது கசிகிற கழிவுக்குழாய் இணைப்பில். கன்றை மட்டும் ஒடித்துப் போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும். வேர் அதற்குள் இணைப்பின் உள்ளே புகுந்து அதைப் பிளக்க ஆரம்பித்திருக்கும்.

ப்ளம்பர்கள் ‘சி.ஐ. பைப்பு’ என்று சொல்லும் இந்த வார்ப்பிரும்புக் குழாய்களுக்கு நம் வீட்டுச் சுவர்களில் பெரிய அளவில் வேலை வந்தது பாதாளச் சாக்கடைக்குப் பிறகுதான். மதராஸின் சாக்கடைத் திட்டம் 1910-இல் வகுக்கப்பட்டது. 1961-இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்பது கணக்கு. (1961 வந்தபோது ஜனத்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நகரத் திட்டமிடல் பற்றி இதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.) தெருவில் சாக்கடை வந்ததும் மாடியிலும் கழிப்பறை கட்ட வசதி வந்தது. கழிவைக் கீழே இறக்கச் சுவரில் வார்ப்பிரும்பு, தரைக்கு வந்தபின் மண்ணுக்கடியில் மெருகேற்றிய சுடுமண் குழாய் என்பது ஏற்பாடு. பி.வி.சி. கழிவுக்குழாய்க்கான இந்தியத் தர நிர்ணயம் 1992-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் கட்டிய மாடிக் கட்டடம் என்றால், ஆஸ்பெஸ்டாஸ் குழாயாக இல்லாத பட்சத்தில், பின்சுவரில் இருப்பது பெரும்பாலும் இரும்பாகத்தான் இருக்கும். மாற்றாமல் விட்டிருந்தால் அதற்கு இப்போது முப்பதிலிருந்து ஐம்பது வயது.

ஐம்பது வயது இரும்புக்கு ஒரு வயதா என்று கேட்கலாம். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் பதினேழாம் நூற்றாண்டில் வெர்சாய் தோட்டத்து நீரூற்றுகளுக்காகப் போட்ட வார்ப்பிரும்புக் குழாய்களில் ஒரு பகுதி இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அது தடித்த குழாய். உள்ளே ஓடுவது வெறும் தண்ணீர். நம் வீட்டுக் குழாயின் சுவர் 5 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதற்குள் ஓடுவதை விவரிக்க வேண்டாம். ஆனால் அது இரும்பை எப்படித் தின்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எதனால் செத்தது என்று தெரியாமல் குழாயைப் பழுது பார்ப்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதில் மூன்று, நான்கு சதவீதம் கரி சேர்ந்துவிட்டால் ஏறத்தாழ 1150 டிகிரியிலேயே உருகி ஓடும், அச்சில் சுலபமாக வார்க்கலாம், மலிவாக முடியும். கொஞ்சம் சிலிக்கனும் இருந்தால், ஆறும்போது அந்தக் கரியில் பெரும்பகுதி இரும்போடு சேராமல் மெல்லிய கிராஃபைட் தகடுகளாகப் பிரிந்து நிற்கும். பென்சிலுக்குள் இருக்கிற அதே கிராஃபைட். எடையில் மூன்று சதவீதம்தான் என்றாலும் இரும்பைவிட மிக லேசான பொருள் என்பதால், கன அளவில் குழாயின் பத்தில் ஒரு பங்கு அதுதான். தகடுகள் தனித்தனியாகவும் கிடப்பதில்லை. ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, இரும்புக்குள் ஒரு வலைபோல் ஓடுகின்றன. வார்ப்பிரும்பு பாரத்தைத் தாங்கும், இழுத்தாலோ தட்டினாலோ சட்டென்று உடையும் என்பதற்குக் காரணமே இந்தத் தகடுகள்தான். ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் பிறவியிலேயே வந்த விரிசல்.

ஈரமும் உப்பும் சேர்ந்தால் இதே தகடுகள் வேறொரு வேலையும் பார்க்கும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், சுலபத்தில் அரிக்காது. பக்கத்திலேயே இரும்பு. இரண்டு வேறு பொருள்கள், நடுவில் உப்புத் தண்ணீர். குழாய்ச் சுவருக்குள்ளேயே கணக்கற்ற சின்னஞ்சிறு மின்கலங்கள் உருவாகிவிடுகின்றன. அதில் கரைவது எப்போதும் இரும்பு, தங்குவது கிராஃபைட். இரும்பு மெள்ள மெள்ள வெளியேற, கிராஃபைட் வலையும் அதன் இடுக்குகளில் துருவும் மட்டும் மிஞ்சுகின்றன. கிராஃபைட் அரிமானம் என்று இதற்குப் பெயர். மற்ற அரிமானங்களில் குழாய் மெலியும், உதிரும், ஓட்டை விழும், கண்ணுக்குத் தெரியும். இதில் எதுவும் தெரியாது. தடிமன் அப்படியே இருக்கும், உருவம் அப்படியே இருக்கும், வார்க்கும்போது விழுந்த எழுத்துக்கூட அழியாமல் இருக்கலாம். கரையான் அரித்த கதவு மேல்பூச்சோடு நிற்கிற மாதிரி நிற்கும். ஏணியைச் சாய்க்கும்போதோ, அடைப்பெடுக்கக் கம்பியை விடும்போதோதான் உண்மை வெளிவரும். ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!’ என்று அப்போது சொல்வார்கள். நேற்று அது நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கடலடி ஆராய்ச்சியாளர்களுக்கு இது பழைய செய்தி. 1545-இல் மூழ்கிய இங்கிலாந்தின் ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலை 1982-இல் மேலே எடுத்தார்கள். அதில் கிடைத்த வார்ப்பிரும்புப் பீரங்கிக் குண்டுகள் பார்வைக்கு முழு உருண்டைகள், கையில் எடுத்தால் இருக்க வேண்டிய கனம் இல்லை. இப்படிக் கடலில் வெகுகாலம் கிடந்த குண்டுகளும் பீரங்கிகளும் கத்தியால் சீவுகிற பதத்தில் இருப்பதும், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் மளமளவென்று ஆக்சிஜனை ஏற்றுச் சூடாவதும் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது.

பீரங்கிக்கு உதவுகிற சோதனை நம் பின்சுவருக்கும் உதவும். குழாயைச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உயிருள்ள இரும்பு கணீரென்று ஒலிக்கும். செத்தது ‘தப்’ என்று அமுங்கும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுக் கத்தி முனையால் கீறுங்கள். வெள்ளிக் கோடு விழுந்தால் இரும்பு இருக்கிறது. மையாகக் கறுத்து, கத்தி உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் இருப்பது கிராஃபைட்டும் துருவும். இந்தக் கீறலைச் சுவர்ப் பக்கமாகச் செய்து பார்ப்பதுதான் முக்கியம். முன்பக்கத்துக்குச் சில வருடங்களுக்கு ஒரு முறையாவது பெயின்ட் கிடைக்கிறது. சுவரைப் பார்த்த முதுகுப் பக்கத்துக்கு பிரஷ் போனதே இல்லை. கடற்காற்றின் உப்பு அங்கே படியும், மழைநீர் காயாமல் தங்கும். நீளவாக்கில் விரிசல் விடுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். முன்னால் நின்று பார்க்கிறவருக்குச் சுவரில் ஈரம் மட்டும் தெரியும்; வாட்டர்புரூஃபிங் காரரைக் கூப்பிடுவார்.

இவை வெளியிலிருந்து வரும் சாவு. உள்ளிருந்து வருவது இன்னும் நூதனமானது.

கழிவுக்குழாயின் உட்சுவரில் எப்போதும் ஒரு வழுவழுப்புப் படலம் இருக்கும். அதன் அடியாழத்துக்கு ஆக்சிஜன் போவதில்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகத் தண்ணீரில் கரைந்திருக்கும் சல்ஃபேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. நம் உணவிலும் நிலத்தடி நீரிலும் சோப்புத்தூளிலும் கந்தகத்துக்குப் பஞ்சமில்லை. அவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம். அந்த வாயு மேலே எழுந்து, தண்ணீர் தொடாத ஆனால் ஈரம் பூத்திருக்கும் குழாயின் கூரையில் கரைகிறது. அங்கே காற்று உண்டு. காற்றில் வாழும் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் அந்த வாயுவைத் தின்று கந்தக அமிலமாக மாற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கான்கிரீட் சாக்கடைகளின் கூரை ஏன் கரைகிறது என்று தேடிப்போன பார்க்கர் என்ற ஆய்வாளர் 1945-இல் இந்த இரண்டாவது கூட்டத்தைக் கண்டுபிடித்தார். இரும்புக்கும் கதை அதேதான். படுக்கைவசக் குழாயில் அடிப்பாகம் கழிவு தேங்கி அரிக்கும். கூரையை அமிலம் தின்னும். நெட்டுக்குத்தான குழாயில் தண்ணீர் ஓடிக் கழுவிக்கொண்டே இருப்பதால் பாதிப்பு குறைவு. ஆனால் கடைசி மாடிக் கழிப்பறைக்கு மேலே, மொட்டைமாடியைத் தாண்டிப் போகிற வென்ட் பைப்புப் பகுதியைக் கழுவ யாருமில்லை. எந்தக் கழிவும் ஓடாத அந்தத் துண்டு முதலில் உளுத்துப்போவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

போதாக்குறைக்கு நாமும் உதவுகிறோம். தெருவில் பிளாஸ்டிக் கேனில் விற்கும் ‘ஆசிட்’ ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிப்பறை மஞ்சள் கறை போக வாரம் ஒரு முறை ஊற்றினால், பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது, கறை போகும். மிச்ச அமிலம் கீழே போய் இரும்பைக் கரைக்கும். அந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருசேரக் கொட்டுகிறவர்கள் குழாயைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நிலையில் இல்லை. எழும் குளோரின் வாயு முதலில் அவர்கள் நுரையீரலைத்தான் தேடும்.

துருவுக்கு இன்னொரு குணம்: தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். குழாயின் உள்ளே முடிச்சு முடிச்சாகத் துரு வளர்ந்து வழியை அடைக்கிறது. இதனால் அடைப்பு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. அதற்கு, நெட்டுக்குத்தான குழாயில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

மேல்மாடியிலிருந்து விழும் தண்ணீர் கீழே வர வர வேகம் பிடித்து, அடி வளைவை உடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொத்தனார்களும் சொல்வார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய அலுவலகத்தில் வைலி, ஈட்டன் என்ற இருவர் இதை அளந்து 1961-இல் வெளியிட்டார்கள். குழாய்க்குள் நுழைந்த தண்ணீர் ஓரளவுக்கு மேல் போனால் நடுவில் விழுவதில்லை. சுவரை ஒட்டி ஒரு படலமாகப் படர்ந்து இறங்குகிறது. சுவரின் உராய்வும் புவியீர்ப்பும் சமமாகிவிட, ஒன்றிரண்டு மாடிக்குள்ளேயே வேகம் நிலைத்துவிடும். விநாடிக்கு மூன்றிலிருந்து நாலரை மீட்டர் வரை. பத்தாவது மாடியிலிருந்து வந்தாலும் அதற்குமேல் பெரிதாகக் கூடாது. நல்ல குழாயில் குறுக்குவெட்டில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு. மீதி நடுவில் காற்று. அந்தக் காற்றுத்தூண் மொட்டைமாடி வென்ட் பைப்பு வரை திறந்திருப்பதால்தான் கட்டடத்தின் எல்லாக் கழிப்பறைகளும் நாற்றமில்லாமல் இருக்கின்றன.

ஒவ்வொரு கழிப்பறையின் அடியிலும், குளியலறைத் தரையின் நஹானி டிராப்பிலும் ஒரு குவளைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சாக்கடை வாயுவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற கதவு அந்தத் தண்ணீர் மட்டும்தான். துரு முடிச்சுகள் தண்ணீர்ப் படலத்தைச் சுவரிலிருந்து பிய்த்து நடுவில் தள்ளினால் காற்றுத்தூண் அறுபடும். மேலே யாரோ ஃப்ளஷ் செய்ய, இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை உறிஞ்சும், முன்னால் காற்றை அமுக்கும். நடு மாடிகளில் டிராப் தண்ணீர் களக் களக் என்று இழுபடும். கீழ்மாடியில் குமிழி விட்டு மேலே வரும். ‘மழை வந்தா பாத்ரூம்ல நாத்தம்’, ‘மேல் வீட்டுல தண்ணி ஊத்தினா எங்க வீட்டுல சத்தம்’ என்ற புகார்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த அறுந்த காற்றுதான் இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு வருடக்கணக்கில் பூட்டு என்றால் டிராப் தண்ணீர் தானாகவே ஆவியாகிக் கதவு திறந்துவிடும். பூட்டிவிட்டுப் போகிறவர்கள் டிராப்பில் தண்ணீரை நிரப்பி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் போவது நல்லது. ஆவியாவது தாமதப்படும்.

இது நாற்றத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் நோய் பரவியது. நோயாளி ஒருவர் வயிற்றுப்போக்கோடு வந்து தங்கிய தொகுதியில்தான் பாதிப்பு அதிகம். விசாரித்தவர்கள் கண்டது: குளியலறைத் தரைகளைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்தே பழகியதால் பல வீடுகளில் தரை டிராப்புகள் வறண்டிருந்தன. குளியலறை மின்விசிறிகள் கழிவுக்குழாயின் காற்றை வீட்டுக்குள் இழுத்தன. வென்ட் பைப்பு ஒன்றில் விரிசலும் இருந்தது.

இனி பழுதுக்கு வருவோம். இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு.

சிமென்ட் அப்புவது, பெயின்ட் அடிப்பது, எம்-சீல் உருட்டுவது எல்லாம் அடுத்த அசோசியேஷன் கூட்டம் வரை தள்ளிப்போடுகிற வேலை. சிமென்ட் வளையாது. குழாய் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். ஒரு கோடைக்குள் சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே முடி நுழையும் இடைவெளி வந்துவிடும். ஈரம் அதற்குள் தங்கி அரிப்பை வேகப்படுத்தும். மேலே அப்பிய சிமென்ட் உருண்டை, அடியில் என்ன நடக்கிறது என்பதையும் மறைத்துவிடும். கிராஃபைட்டாகிப்போன இடத்தில் எதை ஒட்டினாலும் அது இரும்பில் ஒட்டவில்லை. கரியில் ஒட்டியிருக்கிறது.

குழாய் கணீரென்று ஒலிக்கிறது, இணைப்பு மட்டும் கசிகிறது என்றால் விஷயம் வேறு. பழைய முறையில் ஒரு குழாயின் முனையை அடுத்ததன் அகன்ற வாய்க்குள் இறக்கி, சுற்றிலும் சணல் திரியை அடித்துத் திணித்து, அதன்மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், ஆறும்போது சுருங்கும். அதனால் ஆறியபின் உளியால் சுற்றிச் சுற்றி அடித்து இறுக்குவார்கள். அந்த அடிதான் இணைப்பு. ஊற்றுவது பாதி வேலைதான். ஈயம் மெத்தென்ற உலோகம், கட்டடம் கொஞ்சம் அசைந்தாலும் கூடவே அசைந்துகொடுக்கும். சரியாக அடித்த ஈய இணைப்பு குழாயின் ஆயுள் முழுக்க நிற்கும். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். சணலில் ஈரம் இருக்கும்போது ஈயத்தை ஊற்றினால் நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும். பழகாதவரை ஏணியில் ஏற்றி இதைச் செய்யச் சொல்ல வேண்டாம்.

குழாயில் ஒரு துண்டு மட்டும் செத்திருந்தால் அதை அறுத்தெடுத்துப் புதிது வைக்கலாம். இங்கே இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. முதலாவது கனம். நாலு அங்குல வார்ப்பிரும்புக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ. நடுவில் ஒரு துண்டை அறுத்தால் அதற்கு மேலுள்ள இரண்டு மாடிக் குழாயும் துருப்பிடித்த கிளாம்புகளை நம்பித்தான் தொங்க வேண்டும். எழுபது, எண்பது கிலோ தலைக்கு மேலே. அறுப்பதற்கு முன்பே மேல் குழாய்க்குப் புதிய கிளாம்பு அடித்துத் தாங்க வைப்பது கட்டாயம்.

இரண்டாவது, புதிய பி.வி.சி. துண்டைப் பழைய இரும்பு வாய்க்குள் செருகிச் சிமென்ட் பூசி முடித்துவிடுவது. ஊரெங்கும் நடக்கிறது இது. 3 மீட்டர் பி.வி.சி. குழாய், விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். இரும்பு ஒரு மில்லிமீட்டர்தான் நீளும். தினமும் இந்த இழுபறியை வறட்டுச் சிமென்ட் தாங்காது. இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்கிற இடத்தில் ரப்பர்தான் இருக்க வேண்டும். உள்ளே ரப்பர் உறை, வெளியே துருப்பிடிக்காத எஃகுப் பட்டை, திருகாணியால் இறுக்குகிற இணைப்பிகள் கிடைக்கின்றன. கொஞ்சம் விலை அதிகம். மறுபடி ஆள் ஏற்றும் கூலியோடு ஒப்பிட்டால் மலிவு.

ஒரே குழாயில் மூன்று நாலு இடம் ‘தப்’ என்று அமுங்கினால் துண்டு துண்டாக மாற்றுவதை விட்டுவிடுங்கள். அடிமுதல் நுனிவரை மாற்றுவதே சிக்கனம், ஏனென்றால் செலவில் பெரும்பகுதி சாரத்துக்கும் கூலிக்கும்தான் போகிறது, குழாய்க்கு அல்ல. கழிவுக்கென்றே செய்த பி.வி.சி. குழாய் மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ அளவுதான்; கந்தக அமிலம் அதை ஒன்றும் செய்யாது. அதன் குறைகள் வேறு. வெயில் அதை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவரும், வெளிர்நிறப் பெயின்ட் நிழல்போல் காக்கும். தண்ணீர் இறங்கும் சத்தம் இரும்பைவிடக் கூடுதலாகக் கேட்கும். சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டினால் இளகும். இணைப்புகளில் நீளவும் சுருங்கவும் இடம்விட்டு ரப்பர் வளையத்தோடு செருக வேண்டும். எல்லா இணைப்பையும் பசைபோட்டு ஒட்டிவிட்டால் மூன்று மாடிக் குழாயின் மொத்த நீட்சியும் ஏதோ ஒரு வளைவின் தலையில் விழும். அடியில் செங்குத்தாகத் திரும்பும் ஒற்றை வளைவுக்குப் பதிலாக இரண்டு அரை வளைவுகள் வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து சேம்பர் வரை நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி சரிவு என்பது பழைய பொறியாளர் கணக்கு, இன்றும் செல்லும். வேலை முடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய் வென்ட் பைப்பை மறுபடி பொருத்தியிருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். ‘தண்ணி ஓடாத பைப்பு எதுக்கு சார்?’ என்று அதை மூடிவிட்டுப் போன ஆட்கள் உண்டு.

குழாயை எடுக்காமல் அதற்குள்ளேயே இன்னொரு குழாயை வளர்க்கும் தொழில்நுட்பமும் இருக்கிறது. எரிக் வுட் என்ற பொறியாளர் 1971-இல் லண்டனில் ஒரு பழைய செங்கல் சாக்கடையில் முதன்முதலாகச் செய்து காட்டினார். பிசினில் ஊறிய துணிக் குழலை உள்ளே செலுத்தி, சுவரோடு ஒட்டும்படி அமுக்கி, சூடேற்றினால் பிசின் கெட்டிப்பட்டுச் சீரான உட்குழாய் ஆகிவிடும். பிறகு ஓர் இயந்திரம் உள்ளே போய், மூடிப்போன கிளை வாய்களை வெட்டித் திறக்கும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா போன்ற இடங்களில் பழைய வீடுகளின் வார்ப்பிரும்புக் குழாய் கான்கிரீட் தளத்துக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. குழாயை மாற்ற வீட்டின் தரையையே உடைக்க வேண்டும். அவர்களுக்கு இது வரப்பிரசாதம். நமக்குக் குழாய் வெளிச்சுவரில், கையெட்டும் இடத்தில் இருக்கிறது. மூன்று மாடிக் கட்டடத்துக்கு இந்த வித்தையை விற்க வருகிறவரிடம் ஏமாறாதீர்கள். உள்ளே தரைக்கடியிலோ கட்டடத்தின் நடுச் சந்திலோ ஆள் போக முடியாத குழாய் இருந்தால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். மிச்சம் மனிதர்கள். கசிவது இரண்டாம் மாடி இணைப்பில். சுவர் ஊறுவது முதல் மாடிக்காரருக்கு. சேம்பர் நிரம்பினால் கழிவு எதிர்த்து வருவது தரைத்தள வீட்டில். மூன்றாம் மாடிக்காரருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அவர்தான் பணம் கொடுக்கத் தயங்குவார். ஆனால் நெட்டுக்குத்தான குழாய் எல்லோருக்கும் பொது. அதில் அதிகம் இறக்கிவிடுகிறவர் மேலே இருப்பவர். செகரட்டரிகள் இதைக் கூட்டத்தில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. குழாயின் கூரையைத் தின்கிற அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. சேம்பரிலும் மேன்ஹோலிலும் அடியில் தேங்கி நிற்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரியும். 100 பங்கைத் தொட்டால் மோப்ப நரம்பு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். 700, 1000 என்று ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். குழாய் மாற்றும்போது அடியிலுள்ள சேம்பர் அடைத்திருப்பது தெரியவரும்; ‘ஆள் இறக்கி எடுத்துடலாம் சார், ரெண்டு மணி நேர வேலை’ என்று யாராவது சொல்வார். விடாதீர்கள். ஜெட்டிங் இயந்திரம் வைத்த லாரியை வரவழையுங்கள், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடியாக இறக்கினாலும் ஒப்பந்தக்காரர் மூலம் இறக்கினாலும் குற்றம் குற்றமே. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவர் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.